முழுங்கியின் வேண்டுதல்

சிவகாசியில் மேகம் கூடினால் அச்சுக்காரர்கள் அண்ணாந்து பார்த்துக் கவலைப்படுவார்கள், தாள் நமத்துப் போகுமே என்று. மேகமும் மரியாதை தெரிந்து விலகிப் போய்விடும். அப்பேர்ப்பட்ட ஊரில், காலண்டர் அடிக்கும் ஓர் அச்சகத்தில், பதினெட்டு வருஷமாக மெய்ப்புப் பார்த்துவந்தவள் செண்பகவடிவு. வளர்பிறை தேய்பிறையாகிவிடாமல், ராகு காலம் எமகண்டத்தோடு கலந்துவிடாமல், மேஷத்துக்கு லாபமும் ரிஷபத்துக்குப் பயமும் அவரவர் கட்டத்தில் ஒழுங்காக விழுகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. தாளில் ஒரு கட்டம் காலியாகக் கிடந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. ஆனால் அவளைப் பார்த்து, "வடிவு, உனக்கு என்ன வேணும்?" என்று யார் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "எதுனாலும் சரி." ஜவுளிக்கடையில் எதுனாலும் சரி, டீக்கடையில் எதுனாலும் சரி, பெண் பார்க்க வந்த ஏழு பேரைப் பற்றியும் அவள் எதுனாலும் சரி என்றே சொல்லிவைக்க, பெண்ணுக்கு இஷ்டமில்லை போல என்று ஏழு பேரும் காபியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். நாற்பத்தொரு வயதில் அவளுக்கு அதுவும் சரியாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவள் வேறு ஆள். அச்சகத்துக்கு எதிரே சைக்கிள் கடை மாடியில் நான்கு பேர் கூடி ஓர் ஆட்டம் ஆடுவார்கள். ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் அந்தக் கதைக்குள் வீரராகவும் திருடராகவும் மந்திரவாதியாகவும் நடந்துபோவார்கள். வழியில் பூதம் வரும். விழுந்தது வெட்டா வெறும் வீச்சா என்பதை இருபது முகமுள்ள ஒரு கட்டையை உருட்டித் தீர்மானிப்பார்கள். ஆட்டத்தின் புத்தகம் பெங்களூரிலிருந்து ஜெராக்ஸாக வந்தது. அதில் இருபது விழுந்தால் வெற்றி, ஒன்று விழுந்தால் நாசம் என்று போட்டிருந்ததை, அச்சுப்பிழை என்று இவர்கள் ஒருமனதாக முடிவுகட்டி மாற்றிக்கொண்டார்கள். ஒன்று விழுந்தால் தாயம். தாயம் விழுந்து நாசமாய்ப் போனவன் இந்தத் தமிழ்நாட்டில் உண்டா?

திருடனாக ஆடியவர் அற்புதராஜ், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார், நிஜத்தில் ஒரு குண்டூசியைக்கூட எடுக்காதவர். மந்திரவாதி தங்கேஸ்வரன், லேபிள் வெட்டும் மிஷின் ஓட்டுகிறவன். வாள்வீச்சுக்காரி ஷமீமா, மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவள், இருபத்துநாலு வயது, வாய் மட்டும் அறுபது. கதை சொல்வதும் பூதம் படைப்பதும் வடிவின் பொறுப்பு.

அந்தப் பூதங்களில்தான் வந்தது வினை. மூன்று வரிசைப் பல்லும் அறுபது நகமுமாக ஒவ்வொரு பூதத்தையும் அவள் செதுக்கிக் கொண்டுவருவாள். அது குகையிலிருந்து வெளியே வரும், உறுமும், நாலு உருட்டில் செத்துப்போகும். ஒரு ஞாயிறு தங்கேஸ்வரன் சண்டை நடக்கும்போதே கொட்டாவி விட்டான். அற்புதராஜ், "அடுத்த வாரம் எனக்கு வேலை இருக்கும்னு நினைக்கிறேன்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

ஷமீமாதான் உடைத்தாள். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. உங்க பூதம் வருது, அடிக்குது, சாவுது. அதுக்கு என்னதான் வேணும்? பசியா, புள்ளையத் தேடுதா, யாரு மேலயும் கோவமா? வேணும்னு ஒண்ணு இருந்தாத்தானே அதுகிட்ட பேசலாம், ஏமாத்தலாம், பாவம் பார்க்கலாம்? ஒண்ணும் வேணாத பூதத்த என்ன செய்றது, வெட்டத்தான் செய்யணும்."

வடிவுக்குச் சுருக்கென்றது. வாரத்தில் அவளுக்கென்று இருந்தது அந்த ஞாயிறு ஒன்றுதான்.

புதன்கிழமை சாயங்காலம் வேலை முடிந்ததும் மேஜையிலேயே உட்கார்ந்து புதுப் பூதம் ஒன்றை எழுதினாள். எழுதிய தாள், "ஞாயறு" என்று பிழையாக அடித்ததால் கழித்துப் போட்ட ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம். பெயர்: முழுங்கி. உயரம்: மாடி ஜன்னல் வரை. பல்: மூன்று வரிசை. காது: எருமைக்காது, உள்ளே முடியுடன். எல்லாவற்றுக்கும் கீழே, ஷமீமா சொன்னதற்காக, புதிதாக ஒரு கட்டம் போட்டு அதற்கு "வேண்டுதல்" என்று தலைப்புக் கொடுத்தாள். என்ன வேண்டும் இதற்கு என்று யோசித்தாள், பேனாவைக் கடித்தாள், டீ வரவழைத்துக் குடித்தாள். அச்சகத்து விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தார்கள். கட்டம் காலியாகவே இருந்தது. பூதம் பலிக்குமா பார்ப்போம் என்று கட்டையை எடுத்து மேஜையில் உருட்டினாள். ஒன்று விழுந்தது.

தாயம் விழுந்தால் காய் இறங்க வேண்டும், அதுதானே முறை? கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்கள். இங்கே கிணறு வெட்டுகிற சிரமம்கூட யாருக்கும் வைக்காமல், மறுநாள் காலை ஆறு மணிக்குத் தெருக்குழாயில் தண்ணீர் வந்தபோது, முழுங்கி வரிசையின் கடைசியில் நின்றிருந்தது.

குழாயடியில் அன்று முதல் ஆள் பேச்சித்தாய். அவள் திரும்பி அதை ஏற இறங்கப் பார்த்தாள். "குடமில்லாம வரிசையில நிக்கிறியே, என்ன ஆளு நீ?"

"குடம் தேவையில்லை, அம்மணி," என்றது முழுங்கி. காலண்டர் தாளில் பிறந்ததால் அதற்குக் காலண்டர் தமிழ்தான் வந்தது. "எனது வேண்டுதல் யாது என்று அறிய வந்தேன்."

பேச்சித்தாய் பெருமூச்சுவிட்டு, "பாவம்டி, வேண்டுதல மறந்துருச்சு" என்றாள்.

அதற்குமேல் அந்தத் தெருவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. வேண்டிக்கொண்டு மறந்துபோனவர்கள் படும் பாடு எல்லோருக்கும் தெரிந்ததுதான்: கல்யாணம் தட்டிப்போகும், மாடு கன்று போடாது, காரணமில்லாமல் முட்டி வீங்கும். பேச்சித்தாயின் மாமனார் ஒரு கிடா நேர்ந்துவிட்டு மறந்ததில் மூன்று வருஷம் அவருக்கு விக்கல் நிற்கவில்லை. ஆக, இந்தப் பூதமும் எந்தக் காலத்திலோ எந்தச் சாமியிடமோ எதையோ வேண்டிக்கொண்டு மறந்திருக்கிறது, அதுதான் மூன்று வரிசைப் பல்லை வைத்துக்கொண்டு கடிக்கக்கூட மனமில்லாமல் அலைகிறது என்று முடிவாகி, தெருவே சேர்ந்து அதன் வேண்டுதலைத் தேடித் தருவது என்று ஏற்பாடாயிற்று. முதலில் இருக்கன்குடி கோயிலுக்கு அழைத்துப்போய்த் தீச்சட்டி எடுக்க வைத்தார்கள். முழுங்கி பயபக்தியோடு எடுத்தது. இறக்கி வைத்துவிட்டு, "இது அன்று" என்றது. அங்கப்பிரதட்சணம் செய்தது, அது உருண்டுபோன பாதையில் மேடுபள்ளமெல்லாம் சமமாகி, தரை சிமெண்ட் போட்டதுபோல் ஆனது, எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, "இதுவும் அன்று" என்றது. மொட்டையாக இருக்கலாம் என்றார்கள், காதுமுடியை இறக்க ஒருவருக்கு முற்பகல் முழுவதும் ஆனது, அதுவும் அன்று. அற்புதராஜின் அம்மா சர்ச்சுக்குக் கூட்டிப்போய் மெழுகுவர்த்தி ஏற்றவைத்தார், ஷமீமாவின் உம்மா தர்காவில் சர்க்கரை ஓதி வாயில் போட்டார், முழுங்கி எல்லாவற்றுக்கும் கும்பிட்டு, எல்லாவற்றையும் முடித்து, எல்லா இடத்திலிருந்தும் அதே கேள்வியோடு திரும்பி வந்தது.

இரண்டு வாரத்தில் தெரு கொஞ்சம் சாமர்த்தியமாகிவிட்டது. இத்தனை வேண்டுதலை அலுக்காமல் செய்கிறதே, நம்முடையதையும் சேர்த்துச் செய்தால் என்ன கெட்டுப்போகும்? மகன் பாஸானால் நடந்தே வருவதாக வேண்டிக்கொண்டு மூட்டுவலியோடு உட்கார்ந்திருந்தவர் முழுங்கியை அனுப்பினார். ஐந்து வெள்ளி விரதம் நேர்ந்துவிட்டு மூன்றாம் வெள்ளியில் வடை தின்றுவிட்டவள் மீதி இரண்டை அதற்கு மாற்றிக்கொடுத்தாள். பேச்சித்தாய் டோக்கன் போட்டாள். தாளின் முன்பக்க அச்சு முழுங்கியின் முதுகில் பதிந்திருந்ததால், தெருவில் போகிற வருகிறவர்கள் அதில் நல்ல நேரம் பார்த்துக்கொள்ளவும் பழகினார்கள்; திங்களானாலும் வெள்ளியானாலும் அங்கே ஞாயிற்றுக்கிழமை நல்ல நேரம்தான் இருந்தது, அதைப் பற்றி யாரும் குறைப்படவில்லை. வடிவுதான் அந்த முதுகில் "ஞாயறு" என்ற பிழையைப் பார்க்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

முழுங்கி அலைவது தன்னுடைய காலிக் கட்டத்தால்தான் என்று அவளுக்குத் தெரியும். ஆட்டக்காரர்கள் மூவருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் முழுங்கி தெருவில் நின்றபடி மாடி ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு ஆட்டத்தைப் பார்க்கும்.

"எதையாவது எழுதித் தொலைங்களேன்க்கா," என்றான் தங்கேஸ்வரன். "ஊர முழுங்கணும்னு எழுதுங்க, நல்லா இருக்கும்."

"எழுதப்பட்டால் முழுங்கப்படும்," என்றது ஜன்னலில் இருந்த முகம், பணிவாக.

வடிவு அவசரமாகப் பேனாவை மூடிக் கொண்டையில் செருகிக்கொண்டாள்.

மூன்றாவது ஞாயிறு, ஆட்டம் முடிந்து கட்டையைப் பெட்டியில் போடும்போது, ஷமீமா சொன்னாள்: "கோயமுத்தூர்ல பெரிய ஆஸ்பத்திரி ஒண்ணுல வேலை கெடச்சிருக்கு. மருந்தகம் முழுக்க என் பொறுப்பு, வெள்ளைக் கோட்டெல்லாம் உண்டு. திங்கக்கிழமை சேரணும், அதுக்கு முன்னாடி ஹாஸ்டல் பார்க்கணும். வியாழக்கிழமை போறேன்க்கா."

மற்ற இருவரும் கைகொடுத்தார்கள், சிரித்தார்கள், அவளில்லாமல் மூன்று பேர் என்ன ஆட்டம் ஆடுவது, இதோடு ஏறக்கட்டிவிடலாம் என்று பேச்சோடு பேச்சாக முடிவும் செய்தார்கள். ஷமீமா வடிவையே பார்த்தாள். "என்னக்கா, ஒண்ணும் சொல்லலையே?"

வடிவின் காதில் "போறேன்" என்ற அந்தச் சொல்தான் நின்றது. கிளம்புகிறவர்கள் போறேன் என்று சொல்வதில்லை. யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லோருக்கும் தெரிந்தது அது. பிழை கண்ணுக்குத் தெரிந்தும் திருத்த வாய் வரவில்லை. பதினெட்டு வருஷத்தில் அவள் கண்டும் காணாமல் விட்ட முதல் பிழை அதுதான்.

"எதுனாலும் சரி," என்றாள்.

எல்லோரும் படியிறங்கிப் போனபின், ஜன்னலில் முழுங்கி மட்டும் இருந்தது. வடிவு கொண்டையிலிருந்து சிவப்புப் பேனாவை உருவினாள். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. யார் மேல் ஆத்திரம் என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது. பூதத்தின் தாளை எடுத்து, வேண்டுதல் என்ற கட்டத்தில், குண்டு குண்டான எழுத்தில், "ஷமீமா போக வேண்டாம்" என்று எழுதினாள். ஜன்னலில் மூன்று வரிசைப் பல்லும் தெரிந்தன. முழுங்கி அன்றுதான் முதல்முறையாகச் சிரித்தது. "நன்றி" என்றது, திரும்பி நடந்தது.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணி கோயமுத்தூர் பஸ் புறப்பட்டபோது, பஸ் ஸ்டாண்ட் வாசலில் முழுங்கி குறுக்கே உட்கார்ந்திருந்தது. மதுரை பஸ்ஸுக்கு ஒரு காலைத் தூக்கிக்கொண்டது. ராஜபாளையம் பஸ்ஸுக்கு இன்னொரு காலை. ஷமீமா ஏறியிருந்த பஸ்ஸுக்கு மட்டும் அசையவில்லை. அவளை இறக்கிவிட்டதும் அந்த பஸ்ஸுக்கும் வழிவிட்டது. ஆட்டோவில் போனாள், ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் அதற்கு முன்பே போய் நின்றுகொண்டது. வெள்ளிக்கிழமையும் இதே கதை. ஊர் இதையும் அதன் போக்கிலேயே எடுத்துக்கொண்டது: வேண்டுதல் கிடைத்துவிட்டதே என்று பேச்சித்தாய் தேங்காய் உடைத்தாள், அதன் நிழலில் ஒரு சர்பத் வண்டி வந்து நின்றது, டீக்கடைக்காரர் பெஞ்சை இழுத்து அதன் முழங்கால் ஓரமாகப் போட்டார். ஒவ்வொரு பஸ்ஸிலும் கண்டக்டர் முதலில், "ஷமீமான்னு யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் விசில் கொடுத்தார்.

அற்புதராஜ் திருடனைப்போல் அதன் பின்னால் பதுங்கிப் போய்க் காதுக்குப் பின்னே சொறிந்துவிட்டுப் பார்த்தார். முழுங்கி சுகமாகக் கண்ணை மூடியது, இடத்தை விட்டு எழவில்லை. தங்கேஸ்வரன் வாழைப்பழத் தார் கொண்டுவந்து பேரம் பேசினான். நடக்கவில்லை. ஆனால் அவன் முகத்தில் ஒரே வெளிச்சம். அச்சகத்துக்கே ஓடி வந்துவிட்டான். "அக்கா, சொன்னா நம்ப மாட்டீங்க, இப்பத்தான் பூதம் செஞ்சிருக்கீங்க! வெட்ட முடியல, ஏமாத்த முடியல, கோவப்படவும் முடியல. பார்த்தா பாவமா இருக்கு!"

வடிவு மிதுன ராசிக்கு மூன்றாம் முறையாக மெய்ப்புப் பார்த்தாள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, சந்தோஷப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. ஷமீமா இன்னும் ஊரில்தான் இருக்கிறாள் என்ற நினைப்பில் மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டாள், பிறகு அதை நினைத்துச் சாயங்காலம் சாப்பிடாமல் இருந்தாள். திங்கள் காலை அந்தப் பிள்ளை கோயமுத்தூரில் நிற்காவிட்டால் வெள்ளைக் கோட்டை வேறொருத்தி மாட்டிக்கொள்வாள்.

சனிக்கிழமை ஷமீமா பஸ்ஸில் ஏறவில்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நேராக முழுங்கியின் முன்னால் போய் நின்றாள். "உனக்கு என்னதான் வேணும்?" என்று கேட்டாள்.

முழுங்கி கையை விலக்கி நெஞ்சைக் காட்டியது. முதுகில் அச்சு இருந்ததுபோல் நெஞ்சில் கையெழுத்து இருந்தது. சிவப்பு மை, குண்டு எழுத்து, ணகரத்துக்கு ஒரு சுழி கூடுதல். ஷமீமா அதை இரண்டு முறை படித்தாள். பெட்டியை டீக்கடையில் கொடுத்துவிட்டு, அச்சகத்துக்குள் போய், வடிவின் மேஜைக்கு எதிரே நின்றாள்.

"வாயால சொல்லியிருக்கலாம்லக்கா?"

வடிவு தாளிலிருந்து நிமிரவில்லை. "சொல்லியிருந்தா நின்னுருப்பியா?"

"நின்னுருக்க மாட்டேன்," என்றாள் ஷமீமா. "ஆனா என்னை ஒரு ஆளு வேணும்னு நினைச்சாங்கன்னு தெரிஞ்சு போயிருப்பேன். எதுனாலும் சரின்னீங்களே, அதக் கேட்டுட்டு ஆறு நாளா எனக்குத் தூக்கமே இல்ல. நாலு வருசம் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்துருக்கேன், நான் இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரியான்னு."

வடிவு அழுதாள். அச்சக மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்ததால் சத்தம் வெளியே போகவில்லை. பிறகு இழுப்பறையைத் திறந்து பூதத்தின் தாளை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டி, "வா" என்றாள்.

பஸ் ஸ்டாண்டில் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். வடிவு தாளை பஸ்ஸின் பக்கவாட்டில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, கொண்டையிலிருந்து பேனாவை உருவி, ஒரு முறை படித்தாள். முழுக்க அடித்துவிட்டுப் புதிதாக எழுதலாம். ஆனால் நல்ல மெய்ப்புக்காரி தேவைக்குமேல் அடிப்பதில்லை, எழுதியதில் எது சரியோ அதை வைத்துக்கொள்வாள். "போக" என்பதில் ஒரு எழுத்தை அடித்து ஓரத்தில் "ய் வர" என்று போட்டாள். "வேண்டாம்" என்பதில் கடைசி இரண்டு எழுத்தை அடித்து "டும்" என்று போட்டாள். இரண்டே திருத்தம். ஷமீமா போய் வர வேண்டும்.

முழுங்கி குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தது. எழுத்து மாறியிருந்தது. ஆனால் எழவில்லை. "தாயத்தில் இறங்கினேன்," என்றது. "தாயமின்றி நகர இயலாது."

அதுவும் நியாயம்தான் என்று பஸ்ஸில் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். வடிவின் முந்தானை முடிச்சிலிருந்து கட்டை வெளியே வந்தது. தங்கேஸ்வரன் உருட்டினான், பதினாலு. அற்புதராஜ் ஒன்பது. கண்டக்டர் உருட்டி, "இருபது!" என்று குதித்தார். "இருபது உதவாது அண்ணே!" என்று மூன்று பேர் ஒரே குரலில் சொன்னார்கள். பயணிகள் ஒவ்வொருவராக இறங்கி வந்து உருட்டினார்கள், கல்யாணத்துக்குப் போகிறவர்கள், கோர்ட்டுக்குப் போகிறவர்கள், பட்டுச்சேலையும் ஃபைலும் கையுமாக. பேச்சித்தாய் குலசாமியைக் கூப்பிட்டுக்கொண்டு உருட்டினாள், ஷமீமா பிஸ்மி சொல்லி உருட்டினாள், இரண்டு விழுந்து எல்லோரும் ஐயோ என்றார்கள். கடைசியில் கட்டை வடிவின் கைக்கு வந்தது. இவளுக்கு விழுந்தால் பிள்ளை போய்விடும், விழாவிட்டால் இருந்துவிடும். அவள் கட்டையை உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள்.

"என்னக்கா வேணும்?" என்றாள் ஷமீமா, மெதுவாக.

"தாயம்," என்றாள் வடிவு.

பஸ்ஸின் படிக்கட்டில் உருண்ட கட்டை ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. "தாயம்!" என்று அறுபது பேர் கத்தினார்கள், அந்தச் சொல் தெரிவதற்கு ஆட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. முழுங்கி எழுந்து சோம்பல் முறித்தது, தூசியைத் தட்டியது, விலகிப் போகாமல் பஸ்ஸின் ஏணியில் கால் வைத்தது.

"ஏய், நீ எங்க?" என்றார் கண்டக்டர்.

"போய் வர வேண்டும்," என்றது முழுங்கி. "வேண்டுதல்."

வேண்டுதல் என்று வந்துவிட்டபின் யார் தடுப்பார்கள்? "சரி, வயர்ல தலை தட்டாம குனிஞ்சு உட்காரு," என்றார் கண்டக்டர். முழுங்கி கூரைமேல் ஏறி, ஷமீமாவின் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, நாய்க்குட்டி மாதிரி சுருண்டுகொண்டது.

ஷமீமா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் நகரும்போது தலையை வெளியே நீட்டினாள். "அக்கா, மாசத்துல மொத ஞாயிறு லீவு. போயிட்டு வர்றேன்க்கா!"

"போயிட்டு வா," என்றாள் வடிவு. கூரையிலிருந்தும் ஒரு கனத்த குரல், "போய் வருகிறேன்" என்றது. முதுகில் "ஞாயறு" என்ற பிழை வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. வந்ததும் முதல் வேலையாக அதைத் திருத்த வேண்டும் என்று வடிவு நினைத்துக்கொண்டாள்.

பஸ் திருப்பத்தில் மறைந்தபின் கூட்டம் கலைந்தது. டீக்கடைக்காரர் பெஞ்சைப் பழைய இடத்துக்கு இழுத்துப் போட்டுவிட்டு, கிளாஸைக் கழுவியபடி, பதினெட்டு வருஷத்துப் பழக்கத்தில் கேட்டார்: "என்னக்கா, வழக்கம்போல எதுனாலும் சரிதான?"

"இல்ல," என்றாள் வடிவு. "இஞ்சி தூக்கலா, சீனி கம்மியா, கொதிக்கக் கொதிக்க. அப்புறம் வர்ற மாசம் மொத ஞாயிறு மாடிக்கு அஞ்சு டீ அனுப்பிரணும்."

"நீங்க நாலு பேருதானக்கா?"

"அஞ்சு," என்றாள் வடிவு. "ஒண்ணு மட்டும் அண்டாவுல குடுங்க."